சேத்தி என்ற பெயரில் இங்கே யாரும் இல்லை

குங் தன் பெயரை இதுவரை நான்கு முறை மாற்றியிருக்கிறாள். ஐந்தாவதற்கு ஜோசியரிடம் நாள் குறித்து வாங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவதுக்கே சிரித்து முடித்துவிட்டேன்.

அப்பா வைத்த பெயர் ஸோம்ஸோங். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வேலை கிடைக்கவில்லை என்று பிம்பிலை ஆனாள். நிச்சயமான மாப்பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வேறொருத்தியோடு சியாங்மாய்க்குப் போனதும் நத்தாநிச்சா ஆனாள். மே குளோங் ஆற்று வெள்ளம் கடைக்குள் புகுந்த வருஷம் கன்யாவீ. கடைசியாக, முழங்கால் வலிக்காக பச்சராமோன். வலி இன்னும் இருக்கிறது. முழங்காலுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

இத்தனைக்கும் ராட்சபுரியில் அவளைத் தெரிந்த யாருக்கும் ஒரு குழப்பமும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பதிவேட்டுப் பெயர் சட்டை மாதிரி, மாற்றிக்கொள்ளலாம். பிறந்த அன்றே வீட்டில் வைக்கிற செல்லப்பெயர் மட்டும் சாகிறவரை மாறாது. அவளுடையது குங், அதாவது இறால். ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது, தனியாள், கடைக்கு மேலேயே வாசம். எல்லோருக்கும் அவள் இறால்தான்.

கடை என்றால் மாவட்ட அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கும் நகல், போட்டோ கடை. அடையாள அட்டைக்குப் படம் எடுப்பாள், படிவம் நிரப்பித் தருவாள். பனியனோடு வந்து உட்காருகிறவனுக்குக் கம்ப்யூட்டரில் கோட்டும் டையும் மாட்டி அனுப்புவாள். பெயர் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம்தான் படிவம் எழுதுகிறார்கள். மீதிப் பேர் வேறு ஏதாவது காரியமாக வந்து, அவள் பேச்சைக் கேட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு போகிறார்கள்.

என்னையும் கேட்டாள். "வித்துங்கற உங்க பேரு நீங்க பொறந்த கிழமைக்கு ஒத்துவரலண்ணே. அதான் உங்களை நாய் கடிச்சிக்கிட்டே இருந்துச்சு."

நான் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன். மொத்தம் பதினோரு கடி. இடது கெண்டைக்காலில் மட்டும் நான்கு. ஓய்வு பெற்ற பிறகு, நாய்களோடு எனக்குத் தீராத கணக்கு இருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நாய்க் காப்பகத்தில் சோறு வேக வைக்கிற வேலையை ஏற்றுக்கொண்டேன். கடித்தவர்களின் சொந்தக்காரர்களுக்குத் தினமும் சமைத்துப் போடுகிறேன். குங் எனக்கு முன்பே அங்கே பழையவள்.

காப்பகத்தில் நூற்று நாற்பத்து மூன்று நாய்கள், மூன்று வரிசைத் தகரக் கொட்டகை. முதல் வரிசையில் குட்டிகள். ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்கள் வந்தால் அங்கேதான் நிற்பார்கள். ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு பன்னிரண்டு பேர் வருவார்கள். ஆளுக்கு ஒரு குட்டியைத் தூக்கிப் படம் எடுப்பார்கள், கண் கலங்குவார்கள், கை கழுவச் சோப்பு எங்கே என்று கேட்பார்கள், போய்விடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொதுத்தொண்டு செய்ததற்குக் கையெழுத்து வாங்க வருவார்கள். அவர்கள் சோப்பு எங்கே என்றுகூடக் கேட்பதில்லை. மூன்றாம் வரிசைக்கு யாரும் வருவதில்லை. அங்கே ஐந்து வருஷம், ஏழு வருஷம் என்று வீடு கிடைக்காமல் கிடக்கிற பெரிய நாய்கள். காப்பகத்திலேயே மோசமான சாக்கடையும் அந்த வரிசையில்தான் ஓடுகிறது. மேடு அந்தப் பக்கம் என்று தெரியாமல் எந்தப் புண்ணியவானோ கொத்து வேலை செய்திருக்கிறான்.

மூன்றாம் வரிசையின் மூத்த குடி ஒரு கறுப்பு நாய். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அரிசிச் சாக்கில் கட்டிக் கோயில் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அப்போதே இரண்டு வயசு இருக்கும். ஒரு காது மடிந்திருக்கும், கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் துருத்தும். குரைக்காது. கடிக்காது. கூப்பிட்டால் வராது. ஒரு மாந்தோப்புக்காரர் காவலுக்கென்று கொண்டுபோய் மூன்றாம் நாள் திருப்பி விட்டுவிட்டார். "திருடன் வந்தா இது வழி விட்டு நிக்குதுங்க" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி அழைத்துப்போனாள். அது சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அங்கே யாரோ நிற்கிறார்கள் போல, எனக்குத் தூக்கம் வரவில்லை என்று கொண்டுவந்து விட்டாள். அதன் பிறகு யாரும் வரவில்லை. இனிமேல் யார் வரப்போகிறார்கள் என்று நாங்களே சொல்ல ஆரம்பித்தோம். நான்தான் அதிகம் சொன்னேன்.

குங் மட்டும் சொல்லவில்லை. அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பெயர்தான் கோளாறு.

முதலில் வைத்த பெயர் டாம், கறுப்பன் என்று அர்த்தம். கறுப்பு நாயைக் கறுப்பன் என்று கூப்பிட்டால் அதற்கு என்ன முன்னேற்றம் வரும் என்று கேட்டாள். மீச்சோக் என்று மாற்றினாள், அதிர்ஷ்டக்காரன். ஒன்றும் நடக்கவில்லை. புன்ரோத் என்று மாற்றினாள், புண்ணியத்தில் பிழைத்தவன். அப்போதும் ஒன்றும் நடக்காததால், ஜோசியரிடம் போய்விட்டு முகம் வெளிறித் திரும்பினாள்.

"அண்ணே, இவனைக் கொண்டுவந்து போட்டது புதன் பகலா, புதன் ராத்திரியா?"

"சாயங்காலம். விளக்கு ஏத்துற நேரம்."

"விளக்கு ஏத்துறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? ரெண்டும் வேற வேற கிரகம்ணே! பகல்னா அழுத்திச் சொல்ற 'ச்ச' எழுத்து ஆகாது. ராத்திரின்னா 'ப'வும் ஆகாது, 'ம'வும் ஆகாது. மீச்சோக்ல 'ம'வும் இருக்கு, 'ச்ச'வும் இருக்கு. ஐயோ, எந்தப் பக்கம் பார்த்தாலும் நானே இவன் தலையில மண்ணை அள்ளிப் போட்டிருக்கேன்!"

"அவன் பொறந்த கிழமையே நமக்குத் தெரியாதேம்மா. சாக்குல இருந்து வெளிய வந்த கிழமைதான தெரியும்?"

"நமக்கு வந்து பொறந்த கிழமை அதான?" என்றாள்.

எந்தப் பக்கம் பார்த்தாலும் பழுதில்லாத பெயர் ஒன்று ஜோசியர் தந்தார்: சேத்தி. பெரும் பணக்காரன். ஒவ்வொரு பெயருக்கும் குங் புதுப் படம் எடுப்பாள். புன்ரோத்துக்குப் பட்டமளிப்பு விழா அங்கி மாட்டினாள். அந்தச் சுவரொட்டியைப் பார்த்து ஒருவர் போன் செய்து நாய் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். சேத்திக்கு நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. மடிந்த காதும் துருத்திய தாடையுமாகப் பார்த்தால், தேர்தலில் மூன்று தடவை தோற்ற வேட்பாளர் நான்காவதாக நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் படம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தக் காலத்தில்தான் யோத் வந்து போய்க்கொண்டிருந்தான். ஜாடித் தொழிற்சாலை லாரி ஓட்டுகிறவன், நாற்பது வயசு, அதிகம் பேசமாட்டான். சூளையில் கோணிப்போன ஜாடிகளை, மேலே நாகம் போட்ட பெரிய தண்ணீர் ஜாடிகளை, மாதம் ஒருமுறை, குங் கடையில் இருக்கிற நேரத்தில், காப்பகத்துக்கு இலவசமாக இறக்கிவிட்டுப் போவான். இறக்கியதும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். நல்லதென்றால் போங் என்று நீளமாகச் சத்தம் வரும். விரிசல் விட்டதென்றால் டப் என்று அடங்கும். மூன்றாம் வரிசையில் அவன் தட்டும்போதெல்லாம் கறுப்பு நாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தட்டி முடிந்ததும் கொஞ்ச நேரம் அவனும் உட்கார்ந்திருப்பான். இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது என்பதால் ஒத்துப்போயிற்று.

ஒருநாள் என்னிடம் வந்தான். "மாமா, என்னை தெக்க போற வண்டிக்கு மாத்திட்டாங்க. இப்ப கம்பெனி ரூம்ல இருக்கேன், நாய் வச்சுக்க விடமாட்டாங்க. பாக் தோ ஊர்ல சின்னதா வீடு கட்டிட்டிருக்கேன். முடிஞ்சதும் சேத்தியக் கூட்டிட்டுப் போயிடறேன். அதுவரைக்கும் இருக்கட்டும்."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றேன். இப்படிச் சொல்லிப் போனவர்களை வரிசையாக நிற்கவைத்தால் ஆற்றுப் பாலம் வரைக்கும் போகும். ஆனால் அவன் ஒரு காகிதத்தில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தான். அதை நாயின் கோப்பில் சொருகினேன். சுவரொட்டி ஒன்று கேட்டான், கொடுத்தேன். குங்கிடம் சொல்லத் தோன்றவில்லை. நம்பாத விஷயத்தை என்னவென்று சொல்வது?

வருஷம் ஒன்றரை ஓடியது. இந்த ஜனவரியில் குங் பொறுமை இழந்தாள். சேத்தியும் பலிக்கவில்லை, இனி தனவத். அதுவும் பணக்காரன்தான், ஆனால் ஜோசியர் கணக்குப்படி இது நிலைக்கிற பணம். படத்துக்குப் பட்டுச் சட்டை மாட்டினாள். இந்தத் தடவை அரைகுறையாகச் செய்யப்போவதில்லை என்றாள். பழைய பெயர்ப் பலகை, பழைய சுவரொட்டிகள், பழைய கோப்பு எல்லாவற்றையும் வாழைத்தண்டில் செய்த தெப்பத்தில் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மே குளோங்கில் விட்டாள். ஊரே ஆற்றில் தெப்பம் விடுகிற லோய் கிராத்தோங் திருவிழாவுக்கு இன்னும் பத்து மாசம் இருந்தது. எதிரே வந்த மணல் படகுக்காரன் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டானாம்.

யோத்தின் போன் நம்பரும் அந்தக் கோப்போடு ஆற்றில் போயிற்று. எனக்கு அது அப்போது நினைவுக்கே வரவில்லை.

அடுத்தது தொண்ணூறு நாள் விரதம். புதுப் பெயர் ஒட்டிக்கொள்ளத் தொண்ணூறு நாள் ஆகும், அதுவரை காப்பக எல்லைக்குள் யாரும் பழைய பெயரை வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் மூன்றாம் வரிசைச் சாக்கடையைக் கழுவவேண்டும். வாய் பழகிவிட்டது, என்ன செய்ய? நான் ஏழு தடவை கழுவினேன். காப்பகத்தை ஆரம்பித்த லம்துவன் அம்மாவே ஒருநாள் சேத்தி என்று சொல்லிவிட்டு, எழுபத்து நான்கு வயதில் துடைப்பத்தை எடுத்தாள். யாராவது எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஆனால் சுவரொட்டி, ரசீதுப் புத்தகம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் குங்தான் சும்மா அச்சடித்துத் தருகிறாள். அவளை எதிர்க்கக் காப்பகத்துக்கு வசதி போதாது.

ஏப்ரலில் புத்தாண்டு முடிந்த மறுநாள், விரதத்தின் எண்பத்தெட்டாம் நாள், காப்பகத்துப் போன் அடித்தது. குங் எடுத்தாள். நான் பக்கத்தில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"என்ன பேரு சொன்னீங்க? ...அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைங்க. ...இல்லைங்க, அந்தப் பேரு முடிஞ்சு போச்சு, ஆத்துலயே விட்டாச்சு. ...ஆமா. தயவுபண்ணி அந்தப் பேரை இனிமே சொல்லாதீங்க, நல்லதில்ல."

போனை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். "ரெண்டே நாள்தான் பாக்கி. யாரோ வந்து கெடுக்கப் பாத்தான்."

"யாரு?"

"யாரோ. நான் கேட்கல."

நானும் கேட்கவில்லை. பூசணிக்காய் நிறைய இருந்தது.

தொண்ணூறு நாள் முடிந்தது. தனவத் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நாய் எப்போதும்போலச் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தது. மழை ஆரம்பித்ததும் பின்னங்கால்கள் பிடித்துக்கொண்டன. எழுந்திருக்க நேரம் எடுத்தது. பதினோரு வயதாகிவிட்டது, இந்தத் தரையிலேயே போய்விடுவான் என்று லம்துவன் அம்மா ஒருநாள் சொன்னாள். குங் தன் கடையிலிருந்து ஒரு பழைய மெத்தையைக் கொண்டுவந்து போட்டாள், ஆனால் அதுவும் நனைந்தது.

ஜூலை கடைசியில் ஒரு காலை. பிக்குகள் சாப்பிட்டு முடித்ததும் மிஞ்சுகிற சோறு நாய்களுக்கு வரும். அதை எடுத்துவர நானும் குங்கும் ஆளுக்கு இரண்டு வாளியோடு கோயில் மண்டபத்துக்குப் போனோம். அன்றைக்கு யாரோ இறந்துபோனவருக்கு நூறாம் நாள் புண்ணிய காரியம் செய்துகொண்டிருந்தார்கள். பலகாரத் தட்டுகள் நிறைய இருந்தன, பொரித்த பன்றி இறைச்சி வாசனை வந்தது. எங்கள் நாய்களுக்கு நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தோம்.

தலைமைப் பிக்கு கையிலிருந்த சீட்டைப் பார்த்து உரக்கப் படித்தார். "காலமான சேத்தியின் பொருட்டு."

குங் சட்டென்று நிமிர்ந்தாள். பெயரைச் சொன்னவருக்குச் சாக்கடைத் தண்டனை உண்டா என்று யோசித்திருப்பாள். விரதம் முடிந்துவிட்டதும், அவர் தலைமைப் பிக்கு என்பதும் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். மறுபடி குனிந்தாள். அப்புறம் மெல்லத் தலையைத் தூக்கி முன்னால் பார்த்தாள்.

மலர்களுக்கு நடுவே சட்டம் போட்ட படம் இருந்தது. நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. மடிந்த காது. துருத்திய தாடை.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாளியைக் கடித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அடுத்த நிமிஷம் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. யோத். கறுப்புச் சட்டை போட்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை.

பிக்குகள் மந்திரம் ஆரம்பித்தார்கள். அவன் சின்னப் பித்தளைக் கெண்டியிலிருந்து கிண்ணத்தில் தண்ணீரை மெல்லியதாக விட்டுக்கொண்டிருந்தான். செத்தவருக்குப் புண்ணியம் போய்ச் சேர விடுகிற தண்ணீர்.

"அண்ணே," குங் என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "யாருண்ணே இந்த ஆளு?"

சொன்னேன். வீடு கட்டியது, நம்பர் கொடுத்தது, கோப்பில் சொருகியது எல்லாம். மந்திரச் சத்தத்துக்குள்ளே குசுகுசுவென்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. விரல் விட்டு எண்ணினாள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை.

"நூறு நாள்," என்றாள். "எண்பத்தெட்டாம் நாள் போன். அன்னைல இருந்து இன்னைக்கு நூறு நாள். இவன்தாண்ணே போன் பண்ணது."

மந்திரம் முடிந்தது. யோத் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். அதை மரத்தடியில் ஊற்றினால் காரியம் நிறைவு. குங் மண்டியிட்டபடியே, வலிக்கிற முழங்காலோடு, மண்டபம் முழுக்க நகர்ந்துபோய் அவன் வழியை மறித்தாள்.

"தம்பி, அதை ஊத்தாதீங்க."

"ஏங்கா?"

"அவன் சாகல."

யோத் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். "போன்ல முடிஞ்சு போச்சுன்னு சொன்னாங்களே. ஆத்துல விட்டாச்சுன்னு சொன்னாங்க. சாம்பலத்தான்னு நெனச்சேன்."

"பேரைத்தான் தம்பி ஆத்துல விட்டோம். நாயி இருக்கு. பேரு மாத்திட்டோம்."

"பேரு மாத்திட்டீங்களா?" அவன் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "அவனுக்குன்னு வீட்டுல இடம் பண்ணி வச்சிருந்தேங்கா. வாசலுக்கு ஓரமா ஒரு ஜாடிய சாய்ச்சு வச்சு, உள்ள சாக்கு போட்டு. நூறு நாளா அதைப் பாக்காம பின்வாசல் வழியாத்தான் போறேன் வரேன். போன்ல பேசுனது யாரு?"

தொண்டர்கள் யாராவது இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் யாராவது என்று குங் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நான் அவளிடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சட்டை போட்ட பன்னிரண்டு பேர் எதற்கு இருக்கிறார்கள்?

"நான்தான்," என்றாள். "நீங்க யாருன்னுகூடக் கேட்கல. ரெண்டு நாள் விரதம் பாக்கி இருந்துச்சு."

தலைமைப் பிக்கு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஊத்துப்பா," என்றார். "உயிரோட இருக்கறவனுக்கும் புண்ணியம் ஆகும். அவனுக்கு வேண்டாம்னா இந்தம்மாவுக்குப் போகட்டும், தேவைப்படும்."

யோத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினான். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களோடு வந்தான். நாங்கள் சோற்று வாளிகளை மறந்து மண்டபத்திலேயே விட்டுவிட்டோம்.

நாய் மூன்றாம் வரிசையில் மெத்தையை விட்டுத் தள்ளிச் சிமெண்டில் படுத்திருந்தது. முகம் சுவர்ப் பக்கம்.

"சேத்தி," என்றான் யோத்.

காதுகூட அசையவில்லை.

குங் பதறிப்போனாள். "தனவத்! டேய் தனவத்! புன்ரோத்! மீச்சோக்! டாம்!" ஒன்பது வருஷத்துப் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். பக்கத்துக் கூண்டு நாய்கள் எல்லாம் எழுந்து வந்தன. "சேத்தி! சேத்தி! திரும்பிப் பாருடா, உன்னைத் தேடி வந்திருக்காங்கடா! சேத்தி!" குரல் உடைந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, மாப்பிள்ளை ஓடிப்போனபோதும் அவள் படிவம்தான் நிரப்பினாள் என்று சொல்வார்கள். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாக்கடை ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

யோத் நகர்ந்தான். வாசல் பக்கத்தில் இருந்த நாகம் போட்ட ஜாடியின் வயிற்றில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினான்.

போங்.

நாய் தலையைத் தூக்கியது. இன்னொரு தட்டு. முன்னங்கால்களை ஊன்றியது. பின்னங்கால்கள் வரவில்லை, வழுக்கின, மறுபடி ஊன்றியது. எழுந்து நின்று, நாலடி நடந்து வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்த அவன் முழங்கால் அருகே உட்கார்ந்துகொண்டது. ஒன்றரை வருஷத்துக்கும் மேலாகிவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

குங் மூக்கைச் சிந்தினாள். "அப்ப இவனுக்குப் போங்னுதான் பேரு வச்சிருக்கணும்," என்றாள். உடனே நெற்றியில் கை வைத்தாள். "ஐயோ, புதன் ராத்திரிக்கு 'ப' ஆகாதே!"

நானும் யோத்தும் அவளைப் பார்த்தோம். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒப்படைப்புப் பதிவேட்டில் நாயின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று லம்துவன் அம்மா கேட்டாள். "என்ன வேணா எழுதுங்கம்மா," என்றான் யோத். "நான் தட்டித்தான் கூப்பிடப் போறேன்." அம்மா ஐந்து பெயரையும் எழுதினாள், இடம் போதாமல் ஓரத்தில் இறங்கியது. லாரியின் முன் சீட்டில் நாயைத் தூக்கி உட்காரவைத்தோம். அது கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தது. சுவர் இல்லாத இடத்தில் எதைப் பார்ப்பது என்று கொஞ்சம் திகைத்தது போலிருந்தது. லாரி போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால் குங் சாக்கடையில் இறங்கியிருந்தாள். துடைப்பம், தண்ணீர் வாளி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

"என்னம்மா இது? விரதம்தான் முடிஞ்சு போச்சே."

"இருக்கட்டும்ணே. எத்தனை தடவை சேத்தின்னு கூப்பிட்டேன்? நீங்க எண்ணலையா?"

எண்ணவில்லை. நானும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கோப்பில் காகிதத்தைச் சொருகிவிட்டு மறந்தவனுக்கும் ஒரு சாக்கடை உண்டுதானே. இரண்டு பேரும் தேய்த்தோம். மேடு பள்ளம் தவறான பக்கம் இருப்பதால், தள்ளின தண்ணீர் எங்கள் காலுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

பேச்சுக் கொடுக்கலாம் என்று கேட்டேன். "பதினாலாம் தேதி உனக்கு அஞ்சாவது பேரு மாத்தம், இல்ல? என்ன பேரு வருதாம்?"

"வேண்டாம்னு ஜோசியருக்குச் சொல்லி அனுப்பப் போறேன்."

"ஏன்?"

"யாராவது தேடிட்டு வந்தா?"

வாய் சும்மா இருக்குமா எனக்கு? முப்பத்தொரு வருஷம் கேட் கேட்டாக நின்று பேசிய வாய். "உன்னை யாரும்மா தேடிட்டு வரப்போறா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

குங் கோபப்படவில்லை. காலியாக இருந்த கூண்டைப் பார்த்தாள், நனைந்த மெத்தையைப் பார்த்தாள்.

"அவனையும் அப்படித்தானண்ணே சொன்னோம்," என்றாள். "ஒம்பது வருஷமா."